முதல் ஜூசர் வாங்குமுன்: யாழ்ப்பாணத்துக் குசினிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடையில் போய் நின்றுகொண்டு "எது நல்ல ஜூசர்?" என்று கேட்டால் விலை கூடியதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். என்ன பழம் பிழியப் போகிறீர்கள், எத்தனை பேருக்கு, யார் கழுவப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். அதனால் இங்கே கடை நாலாவது படியாகத்தான் வருகிறது.

1. ஒரு கிழமைக்கு எழுதி வையுங்கள்

குசினிச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஏழு நாளும் வீட்டுக்கு வந்த பழங்களையும், எதை ஜூஸாகக் குடிக்க நினைத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். கிழமை முடிய அவற்றை நாலு கூட்டமாகப் பிரியுங்கள்.

முதல் கூட்டம் சதைப்பழம்: மாம்பழம், பப்பாப்பழம், வாழைப்பழம், ஆனைக்கொய்யா, விளாம்பழம். இவற்றுக்கு ஜூசர் வேண்டாம். ஜூசரின் வேலை தண்ணீரையும் நாரையும் பிரிப்பது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் பிரிப்பதற்கு எதுவுமில்லை, முழுக்கச் சதை. அது சல்லடைக் கண்களில் அப்பி, பாதி சக்கைப் பக்கமாகப் போய்விடும். இவற்றுக்குப் பிளெண்டர் போதும்.

இரண்டாவது கூட்டம் புளிப்புச் சாதி: தோடம்பழம், தேசிக்காய், நாரத்தை. மூன்றாவது கடினமானவை: கரட், பீற்றூட், அப்பிள், அன்னாசி, இஞ்சி. நாலாவது இலைகளும் முத்துகளும்: வல்லாரை, பொன்னாங்காணி, மாதுளை, முந்திரிகை.

தாளில் பாதிக்கு மேல் முதல் கூட்டம் என்றால் இத்தோடு நிறுத்தலாம். நல்ல பிளெண்டர் ஒன்றும் கண் நெருங்கிய வடியும் வாங்கினால் காசு மிச்சம். மாம்பழக் காலத்தில் இந்தக் கணக்கை எடுத்தால் விடை ஒரு பக்கமாகச் சாயும். வைகாசி, ஆனியில் எழுதினீர்கள் என்றால் மாசியில் வீட்டில் என்ன கிடக்கும் என்பதையும் யோசித்துச் சேருங்கள்.

பனம்பழம் பிழியலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. அந்தத் தும்பு ஜூசருக்குள் சுற்றும் உருளையில் நூல் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொள்ளும். அது கையால் பிசைய வேண்டிய பழம்.

2. கூட்டத்துக்கு ஏற்ற வகையைத் தெரிவு செய்யுங்கள்

*தோடம்பழப் பிழிவான்.* கூம்பு ஒன்று சுற்றும், பாதியாக வெட்டிய பழத்தை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும். கரண்டில் ஓடுவது பெரும்பாலும் 25 முதல் 85 வாற் வரை. கழுவ மூன்று துண்டுதான். வீட்டில் தோடையும் தேசியும் மட்டும் என்றால் இதைவிடப் பெரியது எதுவும் தேவையில்லை. நாளுக்கு இரண்டு தேசிக்காய் என்றால் இதுகூட வேண்டாம், கைப்பிழிவான் போதும்.

*வேகமாகச் சுற்றும் ஜூசர்.* கடைகளில் வெறுமனே ஜூசர் என்று சொல்வது இதைத்தான். அடியில் துருவுபலகை போன்ற பல் தட்டு, அதைச் சுற்றிச் சல்லடைக் கூடை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் காய் துருவப்பட்டு, சாறு வெளியே வீசப்படும். 400 முதல் 1000 வாற். கரட், அப்பிளுக்கு நல்லது, இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். குறைகள் மூன்று: சத்தம் அதிகம், நுரை அதிகம், சக்கை ஈரமாக இருக்கும். வல்லாரை போட்டால் இலை துருவப்படாமல் கூடையில் ஒட்டி அப்படியே சக்கைக்குப் போகும்.

*ஸ்லோ ஜூசர்.* திருகாணி போன்ற உருளை நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்றில் காயை நசுக்கிச் சல்லடைக்கு எதிராக நெரிக்கும். பொதுவாக 150 முதல் 250 வாற். வாற் குறைவு, அதனால் பலம் குறைவு என்று நினைப்பது பிழை. பல்லுச் சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுகின்றன. இலையும் மாதுளை முத்தும் இதில்தான் ஒழுங்காகப் பிழிபடும். சக்கை காய்ந்து வரும், சாறு விரைவில் பிரிந்து நிற்காது. விலை கூட. நறுக்கவும் கழுவவும் நேரமும் கூட.

*பிளெண்டரும் துணியும்.* கிழமைக்கு ஒரு நாள் மட்டும் கரட் ஜூஸ் குடிக்கும் வீட்டுக்கு இது போதும். கால் கிலோ கரட்டைச் சிறு துண்டாக்கி, 200 மில்லிலீற்றர் தண்ணீரோடு அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் பிழிந்தால் ஆயிற்று. முந்திரிகையையும் மாதுளையையும் இப்படி அரைப்பதானால் விட்டு விட்டு இரண்டு மூன்று தட்டுத்தான். விதை உடைந்தால் கைக்கும்.

எமது கணிப்பு: கிழமையில் நாலு நாளுக்கு மேல் மூன்றாவது, நாலாவது கூட்டத்தைப் பிழிகிற வீட்டுக்குத்தான் ஸ்லோ ஜூசர். காலை ஏழு மணிக்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் கரட்டும் அப்பிளும் மட்டும் என்றால் வேகமானது.

3. கரண்டைப் பாருங்கள், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால்

மெசினின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். இலங்கைக் கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். தகட்டில் 220–240 என்று இருந்தால் சரி.

கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய பெட்டியில் வந்த ஜூசர் என்றால் அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அதை அடப்டர் மாற்றி நேரே செருகினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வோல்ற்றேஜ் ஏறி, சில விநாடிகளில் மோட்டர் புகைந்துவிடும். அடப்டர் முள்ளின் வடிவத்தை மட்டுந்தான் மாற்றும், வோல்ற்றேஜைக் குறைப்பது ட்ரான்ஸ்போமர். 200 வாற் மெசினுக்கு 400 முதல் 500 வாற் ட்ரான்ஸ்போமர் வேண்டும். 900 வாற் மெசினுக்கு 2000 வாற்றுக்குக் கிட்டப் போக வேண்டும், அது இரண்டு கையாலும் தூக்குகிற கனம். ட்ரான்ஸ்போமர் ஹேர்ட்ஸை மாற்றாது என்பதும் நினைவிருக்கட்டும். கரித்துண்டு (சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கும் கரிக் கட்டை) உள்ள மோட்டருக்கு அதனால் கேடில்லை, ஆனால் கரி இல்லாத இன்டக்சன் மோட்டர் மெதுவாக ஓடிச் சூடேறும். அனுப்பப் போகிறவர் இன்னும் வாங்கவில்லை என்றால், மெசினை விட்டுக் காசாக அனுப்பச் சொல்வதே நல்லது.

இங்கிலாந்திலிருந்து வந்ததற்கு இந்தக் கரைச்சல் இல்லை. அங்கேயும் 230 வோல்ற், சதுர முள் 13 அம்பியர் பிளக். இங்கேயும் இப்போது அதுதான் நியமம். பழைய கல்வீடுகளில் உருண்டை முள் சொக்கற் இருக்கும். அதற்கு அடப்டர் போட்டு நாளும் பொழுதும் ஓட்டினால் தொடுகை தளர்ந்து சூடேறும். குசினியில் ஒரு சொக்கற்றையாவது மின்சார வேலைக்காரரைக் கொண்டு மாற்றிவிடுங்கள்.

பிரான்ஸ், ஜேர்மனியிலிருந்து வருவதில் வோல்ற்றேஜ் சரி, முள் இரண்டும் உருண்டை. மேலே உள்ள எர்த் துளைக்குள் பேனையைக் குத்தி மூடியைத் திறந்து, அந்த முள்ளைத் திணிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஈரக் கையோடு நிற்கிற குசினியில் அதைச் செய்ய வேண்டாம். முறையான அடப்டர் வாங்குங்கள். தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்பு மெசின். அந்தக் குறி இல்லையென்றால் எர்த் கட்டாயம்.

அதே தகட்டில் தொடர்ந்து ஓடக்கூடிய நேரமும் இருக்கும், சிலவற்றில் கே.பி. (KB) என்ற எழுத்துகளோடு. வேகமான ஜூசரில் ஒன்றிரண்டு நிமிடம், ஸ்லோ ஜூசரில் இருபது முப்பது நிமிடம் என்பது வழக்கம். வீட்டில் ஏழு பேர் என்றால் இந்த எண் வாற்றைவிட முக்கியம்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். 200 வாற் மெசின் 15 நிமிடம் ஓடினால் 0.05 அலகு. 800 வாற் மெசின் 3 நிமிடம் ஓடினால் 0.04 அலகு. இரண்டும் ஒன்றுதான்.

4. கடையில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியவை

பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். திறக்கச் சொல்லுங்கள்.

முதலில் சல்லடையை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். கண்கள் ஒரே அளவாக, ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும். மெசினில் முதலில் பழுதாவது இதுதான். "இது மட்டும் தனியாக வாங்கலாமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் சல்லடை வெடிக்கும் நாளே மெசினின் கடைசி நாள்.

பிறகு கழுவ வேண்டிய துண்டுகளை மேசையில் பரப்பி எண்ணுங்கள். மூடி, உருளை, சல்லடை, கிண்ணம், சீலிக்கன் துடைப்பான், அடைப்பு, அழுத்தும் கட்டை, இரண்டு கோப்பை என்று ஒன்பதுக்குப் போகும். கழற்றிப் பூட்டுவதை ஒருதரம் நீங்களே செய்யுங்கள், விற்பவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். வீட்டில் அம்மம்மாதான் பாவிக்கப் போகிறார் என்றால் அவரையும் கூட்டிப்போய்ப் பூட்டச் சொல்லுங்கள். சில மூடிகளை இறுக்கக் கைப்பலம் வேண்டும்.

பழம் போடும் வாயின் அகலம் அடுத்தது. நாலு சென்ரிமீற்றர் வாய் என்றால் ஒவ்வொரு கரட்டையும் பிளக்க வேண்டும். ஏழு எட்டு என்றால் சிறிய அப்பிள் முழுதாகப் போகும். ஆனால் அகன்ற வாய்க்குள் பிள்ளையின் கையும் போகும். உள்ளே மடல் இருக்கிறதா, மூடி பூட்டாமல் மோட்டர் ஓடாத ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்லோ ஜூசரில் பின்னோக்கிச் சுற்றும் ரிவேர்ஸ் சுவிட்ச் கட்டாயம். அது இல்லாததை வாங்காதீர்கள்.

கடைசியாக உத்தரவாத அட்டை. மோட்டருக்கு எத்தனை வருடம், மற்றத் துண்டுகளுக்கு எத்தனை மாதம், பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே திருத்துவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டு, அட்டையில் திகதியும் கடை முத்திரையும் போடுவித்துக்கொண்டு வெளியே வாருங்கள். "பத்து வருட உத்தரவாதம்" என்று பெட்டியில் பெரிதாக இருந்தால் அது பெரும்பாலும் மோட்டருக்கு மட்டும்.

5. இடம்

சொக்கற்றுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் நிரந்தரமாக வைக்கும் இடம் ஒன்று. அலுமாரிக்குள் ஏற்றி இறக்க வேண்டியிருந்தால் இரண்டு கிழமையில் இறக்காமல் விட்டுவிடுவீர்கள். ஸ்லோ ஜூசர் நாலு முதல் ஆறு கிலோ கனம்.

6. முதல் நாள்: அரைக் கிலோ கரட்

முதல் ஓட்டத்தை இலையிலோ அன்னாசியிலோ தொடங்காதீர்கள். கரட்டில் தொடங்கினால் மெசின் சரியாக ஓடுகிறதா என்பது தெளிவாகத் தெரியும். திருநெல்வேலிச் சந்தையில் நடுத்தர அளவான, முறித்தால் "டக்" என்று முறிகிற கரட் அரைக் கிலோ, கட்டைவிரல் நுனியளவு இஞ்சி ஒன்று வாங்குங்கள். வாடி வளைகிற கரட்டில் சாறு இல்லை.

துண்டுகளை எல்லாம் கழுவி, ஈரத்தோடேயே பூட்டுங்கள். காய்ந்த சல்லடையில் முதல் சக்கை இறுக ஒட்டும். மூடியிலும் அடியிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் வர வேண்டும். "புது மெசின், ஓடவே இல்லை" என்று கடைக்குத் திரும்பிக் கொண்டுபோகிறவர்களில் பலருக்கு இந்தப் புள்ளிதான் அரை விரற்கடை விலகியிருக்கும்.

கரட்டின் தலையை வெட்டி, நீளவாக்கில் நாலாகப் பிளந்து, விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். இஞ்சியை நாருக்குக் குறுக்காக மூன்று மில்லிமீற்றர் வில்லையாக வெட்டுங்கள். நீளவாக்கில் வெட்டினால் நார் நூலாகிச் சுற்றும்.

முதலில் சுவிட்ச், பிறகு காய். காயை நிரப்பிவிட்டு மோட்டரைத் தட்டினால் அது பாரத்தோடு கிளம்ப முடியாமல் முனகும், சுருள் சூடேறும். ஸ்லோ ஜூசரில் ஒவ்வொரு துண்டாகப் போட்டு உருளை தானே இழுக்க விடுங்கள். அழுத்தும் கட்டை மிதக்கிறதைத் தள்ளத்தான், குத்துவதற்கல்ல. வேகமான ஜூசரில் மெதுவாக, ஒரே சீராக அழுத்துங்கள். சடாரென்று தள்ளினால் பெரிய துண்டுகள் துருவப்படாமல் சக்கைக்குப் போகும்.

அரைக் கிலோவில் கால் லீற்றருக்குக் கிட்டச் சாறு வந்தால் நல்லது. இனிச் சக்கையில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பாருங்கள். ஸ்லோ ஜூசர் என்றால் ஒன்றிரண்டு துளிக்கு மேல் சொட்டக் கூடாது, கையை விரித்தால் உதிர வேண்டும். ஒழுகினால் சக்கை வாயின் அடியில் உள்ள சீலிக்கன் அடைப்புத் திறந்திருக்கிறது, அல்லது சல்லடை சரியாக உட்காரவில்லை. கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். அந்தச் சக்கையை எறிய வேண்டாம். மாவோடு பிசைந்து ரொட்டி சுடலாம்.

7. கழுவுதல்

ஜூஸைக் குடிக்க முன்னம் கழுவுங்கள். முறை இதுதான்: கடைசித் துண்டு போனதும் மோட்டரை நிறுத்தாமல் ஒரு தம்ளர் தண்ணீரை வாய்க்குள் ஊற்றி ஓடவிட்டால் பாதி வேலை முடியும். பிறகு பிளக்கைக் கழற்றி, சல்லடையை வெளிப்பக்கமிருந்து குழாய்க்குப் பிடித்து, பிறஷால் உள்ளிருந்து வெளியே தேயுங்கள். பத்து நிமிடம் விட்டால் நார் சல்லடைக் கண்ணில் காய்ந்து, அரை மணித்தியாலம் ஊறவைத்தும் போகாது. அதற்குள் எறும்பும் வந்து சேர்ந்துவிடும்.

சீலிக்கன் அடைப்பை இழுத்துத் திறந்து அதன் பின்பக்கத்தைக் கழுவ மறக்காதீர்கள். மூன்றாம் நாள் மணப்பது அங்கிருந்துதான். கழுவியபின் திரும்ப அழுத்தி மூடுங்கள்.

மற்ற ஊர்க் கையேட்டில் இல்லாத ஒன்று நமக்கு உண்டு. குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளை சல்லடைக் கண்களிலும் படியும். நாளுக்கு நாள் தெரியாது, இரண்டு மூன்று மாதத்தில் சாறு குறையும், சக்கை ஈரமாகும், மெசின் பழுது என்று நினைப்பீர்கள். கிழமைக்கு ஒருமுறை ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, சல்லடையை அரை மணித்தியாலம் ஊறவிட்டுத் தேயுங்கள். இரண்டு தேசிக்காயை அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிழிந்தும் செய்யலாம். கழுவியதும் துணியால் ஒற்றி எடுத்தால் படிவது குறையும்.

கொதிநீர் வேண்டாம், பிளாஸ்ரிக் நெளிந்து மூடி பூட்டாமல் போகும். கம்பித் தும்பும் வேண்டாம். வெயிலில் காயவைக்காதீர்கள், பிளாஸ்ரிக் மஞ்சளித்து நொறுங்கும். கரட்டின் மஞ்சள் கறை சவர்க்காரத்துக்குப் போகாது. அது எண்ணெயில் கரைகிற சாயம், துணியில் நாலு துளி தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள். பீற்றூட் கறை தண்ணீருக்கே போகும், உடனே கழுவினால்.

8. அடிக்கடி நடக்கிற பிழைகள்

*இறுகி நிற்பது.* மோட்டர் முனகி உருளை சுற்றாவிட்டால் உடனே நிறுத்துங்கள். முழுதாக நின்றபின் ரிவேர்ஸ் ஐந்து விநாடி, நிறுத்தம், பிறகு முன்னோக்கி. இரண்டு மூன்று தரத்தில் விடாவிட்டால் கழற்றிக் கையால் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிவேர்ஸ் போட்டால் பல்லுச் சக்கரம் உடையும்.

*விதை.* நெல்லிக்காய், மாங்காய், ஈச்சம்பழம் எல்லாவற்றிலும் விதையை எடுத்துவிட்டுத்தான். ஒரு நெல்லி விதை உருளையின் முனையைச் சிதைக்கப் போதும்.

*மென்மையானதை மட்டும் போடுவது.* தக்காளி, வத்தகப்பழம், பழுத்த கொய்யா என்று தொடர்ந்து போட்டால் தள்ளுவதற்கு நார் இல்லாமல் கூழ் உள்ளேயே சுற்றும். இடையிடையே ஒரு கரட் துண்டு, முடிவிலும் ஒரு கரட் துண்டு. வல்லாரையை ஐந்து சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, சிறு சுருளாக்கி, முன்னும் பின்னும் கரட் வைத்து அனுப்புங்கள்.

*தோடம்பழத்தைத் தோலோடு போடுவது.* வெள்ளைத் தோலில் கசப்பு இருக்கிறது. உரித்து, விதை எடுத்துப் போடுங்கள்.

*ஐஸ், உறைந்த பழம், தேங்காய்ப்பூ, உளுந்து.* நாலும் வேண்டாம். தேங்காய்ப்பால் பிளெண்டரின் வேலை, உளுந்து கிரைண்டரின் வேலை.

*வேகமான ஜூசர் நடுங்குவது.* கூடையில் சக்கை ஒரு பக்கமாக அப்பிச் சமநிலை தவறியிருக்கிறது. நிறுத்தி, சுற்று முழுதாக நின்றபின் திறந்து துடையுங்கள்.

*கரண்ட் போனபின் அப்படியே விடுவது.* திருகுகிற சுவிட்ச் உள்ள மெசின் கரண்ட் வந்ததும் தானே ஓடும், அந்த நேரம் யாருடைய கை எங்கே இருக்கும் என்று தெரியாது. பிளக்கைக் கழற்றுங்கள். மாலையில் ஒழுங்கை முனையில் லைற் மங்குகிற வீடு என்றால் அந்த நேரத்தில் கடினமானதைப் பிழியாதீர்கள், வோல்ற்றேஜ் குறைய மோட்டர் சூடேறும்.

*சாற்றை மேசையில் வைப்பது.* வேகமான ஜூசரில் எடுத்ததை உடனே குடியுங்கள். ஸ்லோ ஜூசரில் எடுத்ததை போத்தலின் கழுத்துவரை நிரப்பி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம்.

*நீரிழிவு உள்ளவருக்கென்று வாங்குவது.* ஒரு தம்ளருக்கு மூன்று நாலு தோடம்பழம் போகும். நார் சக்கையோடு போய்விட, சீனி முழுதும் தம்ளருக்குள். அவர் பழத்தைக் கடித்துச் சாப்பிடுவதே நல்லது, எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

9. ஆறு மாதத்தின் பின்

சல்லடையைத் திரும்பவும் வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் பாவிப்பதை நிறுத்துங்கள், கம்பித் துணுக்குச் சாற்றில் இறங்கும். சீலிக்கன் துடைப்பான் தேய்ந்து சல்லடைச் சுவரைத் தொடாமல் சுற்றினால் மாற்ற வேண்டும். துடைப்பானும் அடைப்பும் சின்னத் துண்டுகள்தான், ஆனால் அந்த மாதிரி மெசின் கடைக்கு வருவது நின்றால் அவையும் கிடைக்காது. மெசின் வாங்கும் நாளிலேயே மேலதிகமாக ஒரு சோடி கேட்டு வாங்கி, உத்தரவாத அட்டையோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.